ஜாக்சன் மேல் நட்ட கொடி

முதலில் அந்தக் கொடியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெரிய கொடி என்று நினைத்து யாரும் எழுந்து நிற்க வேண்டாம். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பிளாஸ்டிக் துண்டு, முழங்கால் உயரத்துக்கு ஒரு கம்பி, அவ்வளவுதான். நிறம் செம்மஞ்சள். சாலை போடுகிறவர்கள், கால்வாய் வெட்டுகிறவர்கள், நிலம் அளக்கிறவர்கள் எல்லாரும் காரியம் தொடங்குவதற்கு முன்னால் இதை நட்டுவிட்டுப் போவார்கள். காரியம் தொடங்காது. கொடி நிற்கும். மயிலாப்பூரில் எங்கள் தெருவிலேயே ஏழு நிற்கின்றன. எதற்கென்று கேட்டால் நட்டவனுக்கும் தெரியாது.

இந்தக் கொடிகளுக்கென்று ஓர் இயக்ககம் இருக்கிறது. கள அடையாளக் கொடிகள் இயக்ககம். தலைமையிடம் அடையாறு, கிளை தியாகராய நகர். வெள்ளைக்காரன் காலத்தில் பட்டாளத்துக்கு வழிகாட்டக் கொடி நட்ட ஒரு சின்னப் பிரிவாகத் தொடங்கியதாம். பட்டாளம் போய்விட்டது, வெள்ளைக்காரன் போய்விட்டான், பிரிவு மட்டும் வளர்ந்துகொண்டே வந்து இப்போது நானூறு பேர் வேலை செய்கிறார்கள். நான் குறை சொல்லவில்லை. நானும் ஓர் அரசு அலுவலகத்தில் முப்பத்தாறு வருஷம் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவன்தான். ஒரு கோப்பு மேஜையை விட்டு நகரக்கூடாது என்பதற்காக எத்தனை மனிதர்களை வெயிலில் நகர வைத்திருக்கிறேன் என்பது எனக்குத்தான் தெரியும். அதனாலோ என்னவோ, பவுல்சாமி சாரோடு அந்த மூன்று நாள் அலைந்தபோது எனக்கு மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவே வயிறு எரிந்தது.

பவுல்சாமி சார் எங்கள் மாடி வீட்டுக்காரர். பங்குப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். அவர் மனைவி ஆனி டீச்சர் அதே பள்ளியில் ஒன்றாம் வகுப்பு எடுத்தார். எங்கள் பேட்டையில் நாற்பது வயதுக்குள் இருக்கும் யாருக்கும் அ, ஆ போடக் கை பிடித்தவர் அவர்தான். ஒரு செவ்வாய்க்கிழமை விடிகிற நேரத்தில் ஆனி டீச்சர் இறந்துபோனார். வெகுநாளாகவே உடம்பு சரியில்லை, எல்லாரும் எதிர்பார்த்ததுதான். எதிர்பார்த்தது நடந்தால் துக்கம் குறைவாக இருக்கும் என்று சொல்கிறவர்களை நான் அதற்குப் பிறகு நம்புவதில்லை.

டீச்சர் கேட்டது ஒன்றே ஒன்று. அவர்களுக்கு ஜாக்சன் என்று ஒரு பிள்ளை. ஏழு வயதில் மூளைக் காய்ச்சல் வந்து நாலே நாளில் போய்விட்டான். அது நடந்து இருபத்தெட்டு வருஷம். பங்குக் கல்லறைத் தோட்டத்தில் மூன்றாம் வரிசையில் அவனைப் புதைத்திருந்தார்கள். இடம் போதாத தோட்டம் என்பதால் அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. குழிக்குப் பதினாலு வருஷம் ஆகிவிட்டால் அதே குடும்பத்தில் அடுத்துப் போகிறவருக்காக அதைத் திறக்கலாம். உள்ளே மிஞ்சியிருப்பதை வெள்ளைத் துணியில் முடிந்து, புதுப் பெட்டியின் கால்மாட்டில் வைத்து மூடிவிடுவார்கள். திறக்கப்போகும் குழி என்பதால் மேலே கல் வைக்க அனுமதி கிடையாது, மரச் சிலுவைதான். டீச்சர் இந்த வழக்கத்தில் ஒரே ஒரு திருத்தம் சொல்லியிருந்தார். நானும் பக்கத்தில் இருந்தேன்.

"கால்மாட்டுல வேணாங்க. பெட்டிக்குள்ளயே, என் கைப்பக்கம் வச்சிடச் சொல்லுங்க. இருட்டுன்னா அவனுக்குப் பயம்."

சார் சரி என்றார். வாழ்நாளில் டீச்சர் கேட்டதற்கு அவர் யோசிக்காமல் சரி என்று சொன்னது அதுவாகத்தான் இருக்கும்.

அன்று காலை பெருங்குடியிலிருந்து மகள் லிண்டா வந்து அம்மாவின் ஐஸ் பெட்டி அருகில் உட்கார்ந்ததும், நானும் சாரும் என் ஸ்கூட்டரில் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். என் மனைவி ஜானு லிண்டாவுக்குத் துணையாக மாடியில் இருந்தாள். தோட்டத்தில் குழி வெட்டுகிற டெரன்ஸ் கடப்பாரையும் மண்வெட்டியுமாக முன்னால் நடந்தான். மூன்றாம் வரிசைக்கு வந்ததும் கடப்பாரையைக் கீழே சாய்த்துவிட்டான். ஜாக்சனுடைய மண்மேட்டின் நடுவில் ஒரு செம்மஞ்சள் கொடி நின்றுகொண்டிருந்தது.

"நான் இதுல கை வைக்க மாட்டேன் சார். கொடி கீது பாரு."

இயக்ககத்தின் விதி ஊருக்கே தெரியும். கொடியைச் சுற்றி நாலா பக்கமும் ஒரு மீட்டருக்கு மண்ணைத் தொடக்கூடாது. கொடியை எடுக்கிற உரிமை இயக்ககத்துக்கு மட்டும். நொச்சிக்குப்பத்தில் ஒருவர் படகை இழுத்துப் போட இடைஞ்சலாக இருக்கிறதென்று ஒரு கொடியை இரண்டடி தள்ளி நட்டார். அவரைக் கோர்ட்டுக்கு நடக்க வைத்தே கடலை மறக்கடித்துவிட்டார்கள். ஏழு வயதுப் பிள்ளையின் குழி எவ்வளவு நீளம் இருக்கும்? கொடியின் ஒரு மீட்டருக்குள் முழுவதும் அடங்கிவிட்டது.

கல்லறைத் திருநாளுக்கு வந்தபோதே இந்தக் கொடியைப் பார்த்ததாக சார் சொன்னார். என்ன இது என்று கேட்டதற்கு, இருக்கட்டும், அடையாளத்துக்கு ஆச்சு என்றாராம் டீச்சர். வருஷத்துக்கு ஒரு முறை வருகிறவர் இவர். வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வருகிறவர் டீச்சர். சொல்வது சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டாராம்.

தியாகராய நகர் கிளைக்குப் போனோம். துணிக்கடைகளுக்கு நடுவில் மூன்றாவது மாடி. சகினா என்ற பெண் எங்களை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். விஷயத்தைக் கேட்டதும் அவள் கண் கலங்கிவிட்டது. கலங்கிய கண்ணோடு ஒரு நிற அட்டையை எடுத்து விரித்தாள். சுவருக்குப் பெயின்ட் வாங்கும்போது காட்டுவார்களே, அது மாதிரி. செம்மஞ்சள் கொடிகள் கிளையைச் சேர்ந்தவை. மஞ்சள் கொடிகள் தலைமையிடத்தைச் சேர்ந்தவை. நாள்பட்ட செம்மஞ்சள் வெயிலில் வெளுத்து மஞ்சளாகிவிட்டால், அதற்கும் தலைமையிடம்தான் பொறுப்பு. ஆகவே நிறத்தை முதலில் நிச்சயிக்க வேண்டும்.

நான் போனில் எடுத்த படத்தைக் காட்டினேன். போனுக்குப் போன் நிறம் மாறும் என்பதால் அது செல்லாது. கொடியையே கொண்டுவந்து அட்டையில் வைத்துப் பார்க்க வேண்டும். கொடியை எடுக்கக் கூடாதே என்றேன். கூடாது என்று ஒப்புக்கொண்டாள். அட்டையைத் தோட்டத்துக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்டேன். அட்டை அலுவலகத்தை விட்டு வெளியே போனால் வெளுத்துவிடும் என்று விதி. இந்தச் சிக்கலை முன்கூட்டியே யோசித்து இயக்ககம் ஒரு படிவம் அச்சடித்திருந்தது. அதில் ஆறாவது கேள்வி: கொடியின் நிறத்தை ஏதேனும் ஒரு பழத்துடன் ஒப்பிடுக.

பவுல்சாமி சார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். பிறகு மணிமணியான கையெழுத்தில் "பப்பாளி" என்று எழுதினார். சகினா உள்ளே போய் மேலதிகாரியிடம் காட்டிவிட்டு வந்தாள். பப்பாளியின் தோலா, சதையா என்று கேட்கிறார்களாம். சதை என்றார் சார். முழுதாகப் பழுத்ததா, பாதியா? பாதி என்றார். மறுபடி உள்ளே போய்விட்டு வந்தாள். பாதி பழுத்த பப்பாளிச் சதை, அட்டையின்படி, தலைமையிடத்து நிறம். நாங்கள் அடையாறுக்குப் போக வேண்டும்.

வீட்டில் மனைவியை ஐஸ் பெட்டியில் வைத்துவிட்டு வந்த மனிதர், பழத்தைப் பற்றிய கேள்விகளுக்கு, பரீட்சைக்கு உட்கார்ந்த பையனைப் போலச் சரியான விடை எழுத முயன்றுகொண்டிருந்தார். எனக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. நீங்க ஆத்துக்குப் போங்கோ சார், நான் பாத்துக்கறேன் என்றேன். இல்லை, அவள் என்னிடம்தானே கேட்டாள் என்றார்.

அடையாறு தலைமையிடத்தில் அன்று ஆண்டு விழா. எல்லாரும் மொட்டைமாடியில் பந்தலுக்குக் கீழே இருந்தார்கள். மனுவை யார் வாங்குவது என்று கேட்டபோது, விழா முடிந்ததும் வாங்குவோம், அதுவரை உட்காருங்கள் என்று எங்களுக்கும் நாற்காலி போட்டார்கள். துணை இயக்குநர் வெங்கடரமணன் பேசிக்கொண்டிருந்தார். நல்ல குரல். எழுதி வைத்துப் படிக்கவில்லை, நெஞ்சிலிருந்தே பேசினார். அதுதான் பயமாக இருந்தது.

"மனிதன் வருவான், போவான். அது இயற்கை. நட்ட கொடி நட்ட இடத்தில் நிற்க வேண்டும். அது நிர்வாகம். இந்த ஆண்டு நாற்பத்தோராயிரம் கொடிகள் நட்டிருக்கிறோம். எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். போர்க்களத்தில் கொடியைப் பார்த்த சிப்பாய், எதற்கு என்று கேட்டானா? கொடி இருந்தது, நடந்தான். கேள்வி கேட்டவன் பின்தங்கிவிட்டான். இந்த ஆண்டு நாம் அகற்ற நேர்ந்த கொடிகள் மூன்று. மூன்றே மூன்று. ஆனாலும் இழப்பு இழப்புதான். அந்த மூன்று கொடிகளுக்காக ஒரு நிமிடம் எழுந்து நின்று மௌனம் காப்போம்."

எல்லாரும் எழுந்தார்கள். பவுல்சாமி சாரும் எழுந்து தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அவர் உதடுகள் மெல்ல அசைந்தன. நாற்பது வருஷம் அரசாங்கப் பாடத்தைச் சொல்லிக்கொடுத்த ஆனி டீச்சருக்கு அரசாங்கத் தரப்பில் செலுத்தப்பட்ட அஞ்சலி அந்த ஒரு நிமிடம்தான். நான் அழுதுவிட்டேன். பக்கத்தில் இருந்த ஊழியர் ஒருவர் நான் கொடிகளுக்காக அழுகிறேன் என்று நினைத்து முதுகில் தட்டிக்கொடுத்தார்.

விழா முடிந்து, கேசரி சாப்பிட்டு, மனுவுக்கு எண் போட்டார்கள். மறுநாள் காலை கொடி ஆய்வாளர் நேரில் வருவார் என்று சொன்னார்கள்.

புதன்கிழமை காலை ஆய்வாளர் மாணிக்கவாசகம் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார். வேலூர்ப் பக்கத்துக்காரர், பட்டாளத்தில் இருந்துவிட்டு இந்த வேலைக்கு வந்தவர். தோட்டத்துக்குள் நுழைந்ததும் செருப்பைக் கழற்றினார். ஜாக்சனின் மண்மேட்டருகே மண்டியிட்டு, கொடியைத் தொடாமல், கம்பியின் அடியில் பொறித்திருந்த எண்ணைப் படித்தார். நாலாயிரத்து நானூற்றுப் பதினேழு. இங்கே வெடியா புதைத்திருக்கிறது, சட்டென்று பிடுங்கிவிடக்கூடாதா என்று நான் கொஞ்சம் எரிச்சலோடு கேட்டுவிட்டேன். அவருக்குக் கோபம் வரவில்லை.

"பட்டாளத்துல கண்ணிவெடி இருக்கற எடத்துக்குக் கொடி நடறதுதான் சார் என் வேலை. ஒருத்தன் வெளையாட்டுக்கு ஒரு கொடிய நாலடி தள்ளி வச்சான். மறுநாள் அந்த வழியா போன ரெண்டு பேரத் துணியில கட்டித்தான் எடுத்தாந்தோம். இங்க வெடி இல்லன்னு எனக்குத் தெரியும். என் கைக்குத் தெரியல."

கெட்ட மனிதர் என்று யாரையாவது திட்டித் தீர்த்துக்கொள்ளலாம் என்றால் இந்த இயக்ககத்தில் அதற்கும் வழியில்லை.

அவர் பையிலிருந்து பதிவேட்டை எடுத்துப் பார்த்தார். புருவம் சுருங்கியது. பிறகு ஒரு வரைபடத்தை எடுத்து, பக்கத்துக் கல்லறையின் மேல் விரித்தார். பதிவேட்டின்படி நாலாயிரத்து நானூற்றுப் பதினேழு நிற்க வேண்டிய இடம் தோட்டத்துக்கு வெளியே தெருமுனை. மழைநீர்க் கால்வாய்க்காக நட்டது. போன வருஷத் தணிக்கையில் அந்தக் கொடி தெருமுனையில் இல்லாமல் தோட்டத்துக்குள் இருப்பதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். கண்டுபிடித்ததும் என்ன செய்வார்கள்? நாமாக இருந்தால் கொடியை எடுத்துத் தெருமுனையில் நட்டிருப்போம். இயக்ககத்தின் ஒன்பதாம் விதி அப்படிச் சொல்லவில்லை. கொடியும் வரைபடமும் முரண்பட்டால் கொடியே மெய். ஆகவே வரைபடத்தைத் திருத்திவிட்டார்கள். கால்வாய் தெருவோடு நேராக வந்து, முனையில் முழங்கை மாதிரி மடங்கி, மதில் சுவரைத் தாண்டி உள்ளே இறங்கி, மூன்றாம் வரிசையில் பதினாறு கல்லறைகளின் வழியாக ஓடி, மறுபடி சுவரைத் தாண்டித் தெருவுக்குப் போனது. தண்ணீர் மேட்டில் ஏற வேண்டியிருக்குமே என்று ஒரு பொறியாளர் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தார். அதன் கீழே வேறொருவர் மையால் எழுதியிருந்தார்: பின்னர் பார்க்கலாம்.

மாணிக்கவாசகம் தலைமையிடத்துக்குப் போன் செய்ய வாசல் பக்கம் போனார். அந்த நேரம் பார்த்து டெரன்ஸ் எங்களைக் குழாயடிப் பக்கம் கூப்பிட்டான். முந்தின நாளே சொல்லாதது தப்புதான், கேஸ் வந்துவிடுமே என்று பயந்துவிட்டேன் என்று ஆரம்பித்தான்.

"டீச்சரம்மாதான் சார் வச்சிச்சு. அந்த டிசம்பர் மழைல தோட்டம் பூரா முட்டித் தண்ணி. வடிஞ்சப்புறம் பாத்தா மரச் சிலுவைங்கோ ஒண்ணு கூட இல்ல, அடிச்சிக்கினு பூட்ச்சி. டீச்சரம்மா ஒரு நாள் பூரா சேத்துல தடவிக்கினு கீது. சாயங்காலமாத்தான் எடத்தக் கண்டுபுட்ச்சிது. அப்பால தெருமுனைக்குப் போயி இத்தப் புடுங்கியாந்து சொருகிச்சு. புள்ள தொலஞ்சிடுவான் டெரன்ஸு, யாராண்டையும் சொல்லாதன்னுச்சு."

பவுல்சாமி சார் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு நாள் முழுக்கச் சேற்றில் பிள்ளையைத் தேடியவள் சாயங்காலம் வீட்டுக்கு வந்து என்ன சொன்னாள் என்பது அவருக்கு நினைவில்லையாம். காபி போட்டுக் கொடுத்திருப்பாள், நானும் குடித்திருப்பேன் என்றார். டீச்சர் தன் பிள்ளை தொலைந்துபோகக் கூடாது என்று நட்ட கொடி, ஒரு கால்வாயை வளைத்து அவன் மேலேயே கொண்டுவந்து விட்டிருக்கிறது. இதை அந்தம்மா தெரிந்துகொள்ளாமல் போய்ச் சேர்ந்தார் என்பது மட்டும்தான் எனக்கு ஆறுதல்.

மாணிக்கவாசகம் திரும்பி வந்தார். கொடியை இடம் மாற்றியது யார் என்று விசாரணை வைப்பார்களாம். கொடி விசாரணைப் பொருள் ஆகிவிடுவதால் அதுவரை எதையும் அசைக்க முடியாது என்று வருத்தத்தோடு சொன்னார். சார் நிமிர்ந்து நின்றார்.

"விசாரண வேணாங்க. நான்தான் புடுங்கி நட்டேன். எழுதித் தர்றேன்."

அவர் வாழ்க்கையில் பொய் சொல்லி நான் கேட்டது அது ஒன்றுதான். ஸ்கூட்டரில் போகும்போது, ஏன் சார் இப்படி என்று கேட்டேன். போனவள் பேரில் ஒரு கேஸ் வேண்டாம், நான் ஒத்துக்கொண்டால் கொடியைத் தெருவுக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள், சாயங்காலத்துக்குள் குழியைத் திறந்துவிடலாம் என்றார். கணக்கு வாத்தியார். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

அடையாறில் துணை இயக்குநர் தன் அறையிலேயே எங்களைப் பார்த்தார். ஒப்புதல் கடிதத்தை இரண்டு முறை படித்தார். பிறகு மேஜையின் எங்கள் பக்கத்துக்குத் தள்ளி வைத்தார். மேடையில் பேசிய தமிழ் இல்லை இது. வீட்டு மனிதர் மாதிரி பேசினார்.

"சார், இத நான் வாங்கினேன்னு வைங்க. அந்த வரைபடம் தப்புன்னு ஆயிடும். அதுல பதினோரு பேர் கையெழுத்து இருக்கு, ஏழாவது என்னோடது. பதினோரு பேரும் தப்பு, நீங்க ஒருத்தர் சரியா? நீங்க செஞ்ச தப்ப ஒத்துக்கறது உங்களுக்குச் சுலபம், ஒரு குடும்பத்தோட போச்சு. நாங்க ஒத்துக்கிட்டா மத்த நாற்பதாயிரம் கொடிய யார் நம்புவா? கொடி நகரவே இல்ல சார். நீங்க துக்கத்துல இருக்கீங்க, ஏதோ நெனச்சுக்கறீங்க."

மனைவியை அடக்கம் செய்ய வேண்டும், வேறு ஒன்றும் வேண்டாம் என்றார் சார். துணை இயக்குநர் நிஜமாகவே இரங்கினார். ஆறுதலாக இருக்கட்டும் என்று திட்டக் கோப்பை எடுத்துக் காட்டினார். அந்தப் பதினாறு கல்லறைகளையும் அப்படியே விட்டுவிடப் போவதில்லை, மனிதாபிமானத்தோடுதான் திட்டமிட்டிருக்கிறோம், கால்வாய் வேலை தொடங்கும்போது பதினாறையும் மரியாதையாகத் தோண்டி எடுத்து, தோட்டத்தின் பின்சுவர் ஓரமாகப் புது வரிசையில் வைப்போம், இயக்ககமே செய்து கொடுக்கும் என்றார். பவுல்சாமி சார் அந்தக் கோப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப ஜாக்சனையும் எடுப்பீங்களா?"

கட்டாயம் என்றார் துணை இயக்குநர்.

"அவன் அம்மாவ இப்ப அந்தச் சுவரோரம் வச்சா, அவன அவ பக்கத்துல கொண்டாந்து வைப்பீங்களா?"

அதற்கு ஒரு படிவம் இருக்கிறதென்று மணியை அடித்து வரவழைத்தார். எப்போது தோண்டுவீர்கள் என்று நான் கேட்டேன். திட்டம் தொடங்கியதும் என்றார். திட்டம் எப்போது தொடங்கும்? கொடி நிற்கிறதல்லவா, தொடங்கும் என்றார். சார் அங்கேயே உட்கார்ந்து படிவத்தை நிரப்பினார். ஒப்புதல் கடிதத்தை நாலாக மடித்துக் கிழித்துத் தன் பையிலேயே போட்டுக்கொண்டார்.

ஆனி டீச்சரை வியாழக்கிழமை மாலை பின்சுவர் ஓரம் அடக்கம் செய்தோம். புது வரிசையில் முதல் குழி அதுதான். வலது கைப்பக்கம் ஒரு சின்ன இடம் விட்டு வெட்டச் சொல்லியிருந்தார் சார். பேட்டையே வந்திருந்தது. ஃபாதர் ஜெபம் சொல்லி முடித்து, எல்லாரும் ஒரு பிடி மண் போட்டுக் கலைந்தபோது லிண்டா மூன்றாம் வரிசைக்குப் போனதை நான் பார்த்தேன். மூன்று நாளாக அம்மாவின் அருகிலேயே உட்கார்ந்திருந்த பெண். தம்பி மண்ணில் நின்ற அந்தக் கொடியின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துவிட்டாள். எனக்குத் தடுக்கத் தோன்றவில்லை. சொல்லப்போனால், பிடுங்கித் தூர எறி என்றுதான் தோன்றியது. பவுல்சாமி சார் ஓடினார். எழுபத்திரண்டு வயது மனிதர் கல்லறைகளுக்கு நடுவில் ஓடிப்போய் மகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"விட்டுடும்மா லிண்டா. இது போயிடுச்சுன்னா அவன் அம்மாகிட்ட வரமாட்டான்."

லிண்டா கையை எடுத்துவிட்டாள். இரண்டு பேரும் அந்தக் கொடிக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்துகொண்டு அழுதார்கள். டெரன்ஸும் நானும் கொஞ்சம் தள்ளி நின்றோம்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சார் தோட்டத்துக்குப் போக ஆரம்பித்தார். முதலில் மனைவியிடம் ஐந்து நிமிடம், பிறகு கொடியிடம் ஒரு மணி நேரம். கம்பி சாய்ந்திருந்தால் நிமிர்த்த முடியாது, தொடக்கூடாது. அதனால் அதன் பக்கத்தில் முளைக்கும் புல்லைக்கூட எடுக்காமல், நாயோ ஆடோ வந்தால் விரட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். காற்றும் மழையும் வந்த நாட்களில் குடையோடு போய் நின்றார். பிளாஸ்டிக் முழுக்க வெளுத்துவிட்டது. நிறமே போய்விட்டால் எந்த அலுவலகமும் தன்னுடையது இல்லை என்று சொல்லிவிடுமோ என்று என்னிடம் வந்து கேட்டார். அலுவலக அனுபவத்தை வைத்துச் சொல்லுங்கள் என்றார். அப்படியெல்லாம் செய்ய மாட்டார்கள் என்று பொய் சொன்னேன்.

கால்வாய்ச் சேதி பங்கில் பரவியதும் மற்றப் பதினைந்து குடும்பங்களும் கொதித்து எழுந்தன. எங்கள் பெரியவர்களைத் தோண்ட நீங்கள் யார் என்று மனு எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். பதினாறாவது கையெழுத்துக்காக மூன்று முறை எங்கள் மாடி ஏறினார்கள். சார் போடவில்லை. காரணத்தையும் சொல்லவில்லை. சொன்னால் டீச்சர்தான் கொடியைக் கொண்டுவந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். அவரிடம் படித்தவர்களே தெருவில் அவரைப் பார்த்தால் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அவர்கள் எதிர்ப்பு மனு அனுப்பிய அதே முகவரிக்கு, கால்வாயைச் சீக்கிரம் தொடங்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன் என்று இவர் மாதம் ஒரு மனு அனுப்பினார். எல்லாவற்றுக்கும் பதில் வந்தது. பரிசீலனையில் உள்ளது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இயக்ககத்தார் நேராகத் தோட்டத்துக்கே வந்துவிட்டார்கள். துணை இயக்குநர், மாணிக்கவாசகம், இன்னும் பத்துப் பேர், கையில் பிடிக்கிற மைக் ஒன்று, அதற்கு ஒரு பெட்டி ஸ்பீக்கர். பவுல்சாமி சாருக்குப் பொன்னாடை போர்த்த வந்திருக்கிறார்கள். அவர் ஒன்றும் புரியாமல் எழுந்து நின்றார். துணை இயக்குநர் மைக்கை வாங்கினார்.

"பதினைந்து குடும்பங்கள் நம்மை எதிர்த்து நிற்கும் இந்த மண்ணில், சொந்த மகனின் கல்லறையையே நாட்டின் வளர்ச்சிக்குத் தந்துவிட்டு, அந்தக் கொடியை வெயிலிலும் மழையிலும் காத்து நிற்கிறார் ஒரு குடிமகன். சம்பளம் வாங்கும் நாம் நட்டோம், போய்விட்டோம். இவர் நின்றார். கொடி என்றால் என்னவென்று நமக்கே கற்றுக்கொடுத்த ஆசிரியர் இவர். ஐயா இரண்டு வார்த்தை பேச வேண்டும்."

கைதட்டினார்கள். மாணிக்கவாசகம் மட்டும் தட்டாமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பொன்னாடையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு பவுல்சாமி சார் மைக்கை வாங்கினார். பழக்கமில்லாததால் வாய்க்கு மிக அருகில் பிடித்துவிட்டார், மூச்சு விடுவதுகூட ஸ்பீக்கரில் கேட்டது. பின்சுவரை ஒரு தரம் திரும்பிப் பார்த்தார்.

"எப்ப சார் தோண்டுவீங்க?" என்றார்.

மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பழையபடி கொடிக்கருகில் போய் உட்கார்ந்துகொண்டார். அவர் பேசி முடித்துவிட்டார் என்று யாருக்கும் தெரியவில்லை. பேச்சு ஆரம்பிக்கட்டும் என்று காத்துக்கொண்டு நின்றார்கள்.